இரண்டு மெழுகு வில்லைகள்

காலையில் ஆஞ்சலா மாத்திரை போடுவதைப் பார்க்க டோரீன் தவறுவதில்லை. பார்க்கக் கூடாது என்று முந்தின நாளே முடிவு செய்திருப்பாள். ஆனாலும் எதிர்ப்பக்கத்துச் சமையலறையில் தம்ளர் வைக்கும் சத்தம் கேட்டதும் கால்கள் தாமாக ஜன்னலுக்கு வந்துவிடும். இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே துணி காயப்போடும் முற்றம்தான். ஆஞ்சலா அட்டையைப் பிதுக்கி, சின்ன வெள்ளை மாத்திரையை நாக்கில் வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, தலையை லேசாகப் பின்னால் சாய்ப்பாள். அவ்வளவுதான். புற்றுநோய்க்கு அவள் செய்துகொள்ளும் வைத்தியம் அன்றைக்கு முடிந்தது. பிறகு தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். அந்த வாசனை முற்றத்தைத் தாண்டி வரும்போது டோரீன் ஜன்னலைச் சாத்துவாள்.

இருவரும் ஓர்ப்படிகள். பெங்களூர் மர்பி டவுனில் மாமனார் கட்டிய வீட்டின் முன்கட்டில் அண்ணன் யூஜினும் அவர் மனைவி டோரீனும் இருந்தார்கள். பின்கட்டில் தம்பி கிளெமென்டும் ஆஞ்சலாவும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு பெண்களும் அக்கா தங்கை மாதிரி. உள்ளே டோரீனின் மனசில் ஒரு நீளமான கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமியாரின் வாய்க்கு முழுக்க முழுக்க ஆளானவள் டோரீன். ஆஞ்சலா கல்யாணமாகி வந்தபோது அந்த அம்மாளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சே போயிருந்தது. டோரீனின் இரண்டு பிரசவமும் ஆயுதம் போட்டு நடந்தவை. ஆஞ்சலா மத்தியானம் மீன் குழம்பு வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், விளக்கு வைப்பதற்குள் பிள்ளை பெற்றவள். பின்கட்டுக்கு வெயில் வரும், முன்கட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியின் ஈரம்தான் வரும். இதையெல்லாம் ஆஞ்சலா திட்டம் போட்டுச் செய்தாள் என்று டோரீனும் சொல்லமாட்டாள். அவளுக்கு அது தானாக நடந்தது. அதுதான் டோரீனுக்குத் தாங்கவில்லை.

வியாதியிலும் அப்படியே நடந்தது. மார்பில் கட்டி முதலில் வந்தது டோரீனுக்கு. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தவள் ஆஞ்சலா. டோரீனின் கைப்பையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா டோரீனைப் பார்த்து முடித்துவிட்டு, "நீங்களும் ஒருசலம் படுத்துக்கொள்ளி, பாத்துட்றேன்" என்று தன் கன்னடம் கலந்த தமிழில், சும்மா போகிற போக்கில் ஆஞ்சலாவையும் ஒரு தடவை படுக்க வைத்தார். அவளுக்கும் இருந்தது. டோரீனுடையது எலுமிச்சம்பழம், ஆஞ்சலாவுடையது பட்டாணி. ஒரே வாரத்தில் இருவருக்கும் ஆபரேஷன் நடந்தது. தெருவே, ஒரே வீட்டில் இரண்டு பேருக்கா என்று தண்ணீரையும் காற்றையும் சந்தேகப்பட்டது. டோரீன் மட்டும் வேறொன்றை நினைத்துக்கொண்டாள். நான் அன்றைக்கு ஆட்டோவில் தனியாகப் போயிருந்தால் இவளுடைய பட்டாணி இன்னும் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆபரேஷன் முடிந்த பிறகு இன்னொரு பரிசோதனை செய்யவேண்டும் என்றார்கள். எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். தீப்பெட்டியைவிடச் சின்ன வில்லை. அதை ரிச்மண்ட் டவுன் பக்கம் இருக்கிற ஒரு லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், அவர்கள் சொல்வதை வைத்துத்தான் மேற்கொண்டு என்ன மருந்து என்று முடிவு செய்யமுடியும். எடுத்துக்கொண்டு போகவேண்டியது வீட்டுக்காரர்கள்தான். இரண்டு வில்லைகளையும் யூஜின் வாங்கிவந்தார். தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கையில் எது கிடைத்தாலும் துடைத்து வைக்கிற மனுஷன். டார்ச்சுக்குப் போடும் பேட்டரியைக்கூடத் துடைத்துத்தான் போடுவார். அன்று சனிக்கிழமை சாயங்காலம். லேப் திங்கட்கிழமைதான் திறக்கும். ஏப்ரல் மாத வெயிலில் மெழுகு உருகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்துபோய், இரண்டு வில்லைகளையும் கவரோடு ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். அந்த வீட்டில் ஐஸ் பெட்டி உள்ள ஃபிரிட்ஜ் முன்கட்டில்தான் இருந்தது. டோரீனின் கணக்கில் அவள் பக்கம் இருந்த ஒரே வரவு அந்த ஃபிரிட்ஜ்.

லேபிலிருந்து முடிவு வந்தபோது யூஜின் வாசலிலேயே நின்று படித்தார். டோரீனுக்கு நெகட்டிவ். ஆஞ்சலாவுக்குப் பாசிட்டிவ். மஞ்சள் காமாலைக்கும் டி.பி.க்கும் நெகட்டிவ் என்றால் என்ன என்று ஊருக்கே தெரியும். யூஜின் திரும்பிப் போய் பேக்கரியில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்தார். டோரீன் அழுதாள். அழுது முடித்ததும் பின்கட்டு நினைவுக்கு வந்தது. பாவம் ஆஞ்சலா என்று அவள் மனசாரச் சொன்னது அன்றைக்குத்தான். ஃபிரிட்ஜில் இருந்த நல்லி எலும்பை எடுத்து மிளகு தட்டிப் போட்டுச் சூப் வைத்து, சொம்பில் ஊற்றி, முற்றத்தைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "சூடா குடி. தகிரியமா இரு" என்றாள். திரும்பி வரும்போது அவளுக்குத் தன்னைப் பற்றியே நல்ல அபிப்பிராயம் வந்திருந்தது. இத்தனை வருஷமாக ஆஞ்சலா மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போயிற்று என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே கேக் சாப்பிட்டாள்.

மறுநாள் இருவரும் போய் உட்கார்ந்ததும் டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயோ, இதுல நெகட்டிவ் ஒள்ளேது இல்லம்மா, நல்லதில்ல. ஹார்மோன் இருக்குதில்ல, அதைத் தின்னு வளர்ற கட்டின்னா பாசிட்டிவ். அதை மாத்திரையிலயே பட்டினி போட்டுடலாம். உங்களது அந்த மாதிரி இல்ல. மாத்திரை கேக்காது. கீமோ டிரிப்பு தான் போடணும்."

"அவளுக்கு?" என்றாள் டோரீன்.

"அவங்களுக்குச் சின்னது, பரவவும் இல்ல. மாத்திரை சாக்கு, அதுவே போதும்."

டோரீன் ஆஞ்சலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நினைத்தது நல்லி எலும்பைப் பற்றி.

முதல் டிரிப் சிவப்பு நிறத்தில் இருந்தது. ரோஸ்மில்க் மாதிரி இருக்கிறது என்று நர்ஸ் சிரித்தாள். அன்று சாயங்காலம் தொடங்கிய வாந்தி அந்த வாரம் முழுக்க நின்றபாடில்லை. பிறகு தலையணையில் முடி. வாயெல்லாம் புண். கோயில் பெண்கள் ஜெபமாலையோடும் ஆரஞ்சுப் பழங்களோடும் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆஞ்சலாவும் வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள், பாத்திரம் தேய்த்தாள். அவள் குனிந்து தேய்க்கும்போது பின்னல் முன்னால் வந்து விழும். அதை அவள் முழங்கையால் பின்னுக்குத் தள்ளுவாள். அந்த முழங்கையைப் பார்த்தால் டோரீனுக்கு வயிறு எரிந்தது. பாத்திரத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போடி என்று கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் கஞ்சி நன்றாக இருந்தது. குடித்தாள்.

இரண்டாவது டிரிப்புக்கு இன்னும் சில நாட்கள் இருந்தபோது ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. யூஜின் ஃபிரிட்ஜைத் திறந்து, உருகி ஒழுகின ஐஸை ஒரு துணியால் ஒற்றிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கும் இப்டித்தான் ஆச்சு. ஞாயித்துக்கெழம பூரா கரண்ட் இல்ல. அந்த மெழுகு ரெண்டும் தொப்பலா நனஞ்சு போச்சு. நான் மட்டும் பாக்கலன்னா அவ்ளோதான்."

கட்டிலில் படுத்திருந்த டோரீன் எழுந்து உட்கார்ந்தாள். "பாத்து இன்னா பண்ணீங்க?"

"கவர்ல இருந்து எடுத்து நல்லா தொடச்சு, ஃபேன்... இல்ல, ஃபேன் ஏது. ஜன்னல்ல வச்சுக் காய வச்சு, திரும்ப கவர்ல போட்டேன்."

"ரெண்டையும் ஒண்ணாவா எடுத்தீங்க?"

யூஜினின் கை ஃபிரிட்ஜுக்குள்ளேயே நின்றது. "ஏன் டோரி?"

"எது எந்தக் கவர்னு எப்படித் தெரியும் ஒங்களுக்கு? பேரு கவர்லதானே இருந்திச்சு?"

யூஜின் கையை வெளியே எடுத்தார். துணியைப் பிழிந்தார். ஏற்கெனவே பிழிந்த துணி.

அதற்குப் பிறகு டோரீனுக்குப் பசித்தது. வாய்ப்புண்ணோடு இரண்டு இட்லி சாப்பிட்டாள். நம்பிக்கை வந்தால் வாந்திகூட அடங்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மாறியிருந்தால் பாசிட்டிவ் தன்னுடையது. அந்த வெள்ளை மாத்திரை தன்னுடையது. டிரிப்பு இல்லை, முடி திரும்ப வளரும். அந்த நினைப்பின் மறுபாதியையும் அவள் அறிந்தே இருந்தாள். எலுமிச்சம்பழமோ பட்டாணியோ, நெகட்டிவ் யாராவது ஒருவருக்குப் போய்த்தான் ஆகவேண்டும். வெள்ளிக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். எப்போதும் ஏற்றியதும் வேண்டுதல் தானாக வந்துவிடும். அன்றைக்கு வார்த்தையாக்க வாய் வரவில்லை. அவளுடையதை எனக்குக் கொடு என்று மாதாவிடம் எப்படிக் கேட்பது? கடைசியில், மாறியிருக்கட்டும் தாயே என்று மட்டும் சொன்னாள். யாருடைய பெயரையும் சொல்லாததால் அது பாவமில்லை என்று வைத்துக்கொண்டாள். அதையே தினமும் சொன்னாள்.

யாரிடமும் சொல்லாமல் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு லேபுக்குப் போனாள். அங்கே டாக்டர் வைத்தீஸ்வரன் என்பவர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஒல்லியான மனிதர், பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்கமாட்டார்.

"நாங்க கவர்ல இருக்கற பேரைப் பாக்கறதில்லைம்மா. மெழுகோட ஓரத்துல ஆஸ்பத்திரி நம்பர் பென்சில்ல எழுதியிருக்கும். அதைத்தான் பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இரண்டு வில்லைகளையும் ஒரு தட்டில் எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டோரீனும் பார்த்தாள். மெழுகுக்குள் ஒரு வெளிறின துண்டு, தேங்காய்ச் சில்லு அளவுகூட இல்லை. இவற்றில் ஒன்று அவள்.

"ரெண்டு பேருக்கும் அடுத்தடுத்த நம்பர்" என்றார் டாக்டர். "கடைசி எண்தான் வித்தியாசம். ரெண்டுலயும் அது மட்டும் மங்கிப் போயிருக்கு. அழுத்தித் தொடச்சிருக்காங்க. எங்க லேப்ல வேலை பாக்கற பொண்ணு அப்போ கவரைப் பாத்து எழுதியிருப்பா. என்னைக் கேட்டிருக்கணும், கேக்கலை. எங்க தப்புதான்."

"அப்போ மாறியிருக்குதா சார்?"

"மாறியிருக்குன்னு சொல்ல முடியாது. மாறலைன்னும் என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆபரேஷன் ஆனப்போ ஆஸ்பத்திரியில கண்ணாடி ஸ்லைடு போட்டுப் பாத்திருப்பாங்க. அதுல பேர் தப்பாது. ரெண்டு பேரோடதையும் வாங்கிண்டு வாங்க. இதுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா எது யாரோடதுன்னு சொல்லிடலாம். ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு முகம் உண்டு." அவர் இப்போது முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "சீக்கிரம் வாங்க. மாறியிருந்தா நீங்க ஒரு டிரிப்பை வீணா ஏத்திண்டிருக்கீங்க, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்குக் கேக்காத மாத்திரையைக் கொடுத்துண்டிருக்கோம். அவங்களை நெனச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு."

ஆட்டோவில் திரும்பும்போது டோரீன் அழுதாள். வாய்ப்புண்ணோடு இவ்வளவு தூரம் வந்தவள் அவள். டாக்டரின் கவலை இங்கேயும் ஆஞ்சலாவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆஞ்சலாவின் ஸ்லைடை அவள் வந்து கேட்காமல் ஆஸ்பத்திரியில் தரமாட்டார்கள். ஆகவே சொல்லித்தான் தீரவேண்டும். மறுநாள் ஆஞ்சலா முற்றத்தில் படுக்கை விரிப்பை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது டோரீன் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கரண்ட் போனது, யூஜின் துடைத்தது, நம்பர் மங்கியது, டாக்டர் சொன்னது. ஆஞ்சலா விரிப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவள் கால்கள் மட்டும் தெரிந்தன.

"மாறியிருந்தா?" என்று விரிப்பின் பின்னாலிருந்து கேட்டாள்.

"எனக்கு மாத்திரை. ஒனக்கு டிரிப்பு."

கால்கள் அசையவில்லை. தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, மாறியிருக்கணும்னு வேண்டிக்கினீங்களா?"

பொய் சொல்ல டோரீனுக்கு நேரம் இருந்தது. வாயும் திறந்தது. ஆனால் வாயில் புண், நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பேசுகிற சக்தி இல்லை.

"ஆமா" என்றாள். "தெனமும்."

ஆஞ்சலா விரிப்பை ஒதுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். கோபமாக வருவாள் என்று டோரீன் எதிர்பார்த்தாள். அவள் வந்து படியில் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா கேக் வாங்கியாந்தாரே, அன்னிக்கு ராத்திரி நீங்க எனக்கு சூப்பு கொண்டாந்தீங்க இல்ல?"

"ஆமா."

"அதை சிங்க்குல கொட்டிட்டேன்."

டோரீன் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு வாய் குடிக்கல. ஒங்களுக்கு ஒண்ணுமில்ல, எனக்கு மட்டும்தான்னு நெனச்சப்போ எனக்கு அப்டி எரிஞ்சுது. சொம்போட நீங்க சிரிச்சிக்கினே வந்து நின்னீங்களே, அந்தச் சிரிப்பு. அன்னிக்கு ராத்திரி முழுக்க மாதா படத்துக்கு முன்னாடி உக்காந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ரிப்போர்ட்டுல எனக்கு வந்தது அவங்களுக்கு வந்திருக்கக் கூடாதான்னு."

"நல்லி எலும்பைக் கொட்டினியா?" என்றாள் டோரீன்.

"எலும்பை எடுத்து நாய்க்குப் போட்டேன்."

டோரீனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மிளகைக் கையால் தட்டிப் போட்ட சூப். அவள் மனசாரச் செய்த ஒரே காரியம், அதுவும் தெருநாய்க்கு. கோபத்தின் ஊடே வேறு ஏதோ ஒன்று இளகி இறங்கியது. இத்தனை வருஷமாகத் தான் மட்டும்தான் ஜன்னலில் நின்றதாக நினைத்திருந்தாள். எதிர் ஜன்னலிலும் ஒருத்தி நின்றிருக்கிறாள். அது ஆறுதலா அவமானமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை.

"எப்போ போலாம்?" என்று கேட்டாள் ஆஞ்சலா.

யூஜின் தானும் கூட வருவதாகச் சொன்னார். இரண்டு பெண்களும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். "நீங்க இனிமே ஒண்ணையும் தொடாதீங்க" என்றாள் டோரீன். ஆஸ்பத்திரியில் வாங்கிய ஸ்லைடுகள் ஆளுக்கொரு சின்ன அட்டைப்பெட்டியில் இருந்தன. ஆட்டோவில் அவரவர் பெட்டியை அவரவர் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்கள். டிரினிட்டி சர்க்கிள் பள்ளத்தில் ஆட்டோ தூக்கிப் போட்டபோது ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். பெட்டிகளை விடவில்லை.

டாக்டர் வைத்தீஸ்வரன் முதலில் லேப் செய்த ஸ்லைடுகளை அவர்களுக்குக் காட்டினார். பார்க்கட்டும், பார்ப்பதற்கு உரிமை இருக்கிறது என்று நினைத்திருக்கவேண்டும். "இது பாசிட்டிவ்" என்றார். டோரீன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தாள். வெளிச்ச வட்டத்துக்குள் பழுப்புப் புள்ளிகள், மேசையில் சிந்திய காப்பித்தூள் போல, எங்கே பார்த்தாலும். அழகாக இருந்தது. புற்றுநோய் என்று தெரிந்தும் அது தனக்கு வேண்டும் என்று ஒரு பட்டுப்புடவையைப் பார்ப்பதுபோல ஆசைப்பட்டாள். கண்ணை எடுக்க மனசு வரவில்லை. ஆஞ்சலா பக்கத்தில் நின்று மெதுவாக, "நானும் பாக்குறேன் அக்கா" என்றாள். அடுத்தது நெகட்டிவ். அதில் பழுப்பே இல்லை. வெளுத்த ஊதா நிறம், மழை வரப்போகிற வானம் மாதிரி. அதை இருவருமே அதிக நேரம் பார்க்கவில்லை.

"வெளியில உக்காருங்கோ. நிதானமாப் பாக்கணும்" என்றார் டாக்டர்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு. உள்ளே டாக்டரின் முதுகு தெரிந்தது. ஒரு ஸ்லைடை வைத்தார், எடுத்தார், இன்னொன்றை வைத்தார். பக்கத்துப் பெஞ்சில் யாரோ ரத்தம் கொடுக்க வந்தவர் கன்னடப் பேப்பரை விரித்து வைத்திருந்தார். டோரீனுக்கு ஜெபமாலை உருட்டத் தோன்றியது. என்ன வேண்டுவது என்று யோசித்தாள். மாறியிருக்கட்டும் தாயே என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் ஆஞ்சலாவின் உதடுகளும் அசைவது தெரிந்தது. அவள் என்ன கேட்கிறாள் என்பதில் சந்தேகமே இல்லை. மாறியிருக்கக் கூடாது. இரண்டும் ஒரே மாதாவுக்குத்தான் போகின்றன. டோரீன் பாதியில் நிறுத்திக்கொண்டாள். முழுக்க நிறுத்திவிட்டதாகவும் சொல்ல முடியாது.

"இன்னிக்கு மாத்திரை போடலக்கா" என்றாள் ஆஞ்சலா. "தண்ணி ஊத்தி வச்சேன். கை வரல."

"ஏன்?"

"என்னுதுன்னு தெரியட்டும், போட்டுக்கலாம்னு."

கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒரு பக்கம் பிதுங்கிக் காலியான குழிகள், மறுபக்கம் இன்னும் உடையாதவை. சிறிது நேரம் விரல்களுக்கு நடுவில் பிடித்திருந்தாள். பிறகு பெஞ்சில், இருவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் வைத்தாள். டோரீன் பக்கம் தள்ளவும் இல்லை, தன் பக்கம் இழுத்துக்கொள்ளவும் இல்லை. டோரீன் அதைப் பார்த்தாள். கை நீட்டினால் எட்டும். முந்தானையை மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே டாக்டரின் முதுகு நிமிர்ந்தது. கண்களைக் கசக்கிக்கொண்டார். கடைசி ஸ்லைடை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கதவை நோக்கி நடந்து வந்தார். இரண்டு பெண்களும் சேர்ந்தாற்போல எழுந்து நின்றார்கள். மாத்திரை அட்டை பெஞ்சிலேயே இருந்தது, இருவரும் அதை எடுக்கவில்லை.